பிரண்டை உரித்த பண்டிதர்

இரண்டு கையிலும் நல்லெண்ணெயைப் பூசிக்கொண்டு பிரண்டைக்கு நார் உரிக்க உட்கார்ந்திருக்கிறேன். துவையலுக்கு. கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதானே இருக்கிறது? ஒரு கதை சொல்கிறேன்.

கோடைமாறன் என்று ஒரு ராஜா. அவரைக் கண்டால் ஊரே நடுங்கும். சிம்மாசனத்தை விட்டு எழுந்தாலோ அவர் முழங்கால் நடுங்கும். அரண்மனை வைத்தியர் ஆதிமூலப் பண்டிதர் காட்டுப் பிரண்டையை அரைத்துக் கொடுத்தார். வலி கொஞ்சம் மட்டுப்பட்டது. உடனே பண்டிதருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

"அரசே, இது தெய்வ மூலிகை. பறிப்பதிலிருந்து அரைப்பதுவரை என் கைதான் படவேண்டும். வேறு கை பட்டால் குணம் செத்துவிடும்!"

ராஜாவும் மண்டையை ஆட்டினார். காட்டில் பிரண்டை பறிக்கிறவர் கையை வெட்டுவோம் என்று முரசு அறைந்தார்கள்.

மறு வாரமே பூவாத்தாள் என்று ஒருத்தி பிடிபட்டாள். மடியில் ஒரு பிடி பிரண்டை.

"மூட்டுப் பிடிச்சு எம் புருஷன் படுத்த படுக்கையாக் கெடக்கார் சாமி. ரெண்டு வாய்க்குத் துவையல் அரைச்சுத் தரலாம்னு..." என்று அழுதாள்.

வாளைத் தீட்டியாகிவிட்டது. அப்போது சபையில் விகடம் பேசுகிற வேம்பையன் மெல்ல எழுந்தான்.

"வெட்டுவதற்கென்ன அரசே, வெட்டலாம். அதற்கு முன்னால், தெய்வக் கை எப்படி நார் உரிக்கிறது என்று இந்தப் பாவி ஒருமுறை பார்க்கட்டுமே."

பண்டிதர் பெருமையாகச் சால்வையை ஒதுக்கினார். வெறுங்கையால் சரசரவென்று உரித்தார்.

நாலு கணு தாண்டவில்லை. உள்ளங்கையைத் தேய்த்தார். முழங்கையைச் சொறிந்தார். மூக்கைத் தொட்டார், மூக்கும் போச்சு.

அழுதுகொண்டிருந்த பூவாத்தாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எண்ணெய் தடவாம யாராச்சும் பிரண்டையைத் தொடுவாங்களா சாமி?"

"பண்டிதரே, இத்தனை நாள் உரித்தது யார்?" ராஜா உறுமினார்.

"என்... வீட்டுக்காரி..."

"அவள் கை பட்டும் எனக்கு வலி குறைந்ததே! என்னிடமே புளுகினீரா? பூவாத்தாளை விடுங்கள். இவர் கையை வெட்டுங்கள்!"

வேம்பையன் குறுக்கே பாய்ந்தான். "வேண்டாம் அரசே! சொறிவதற்கு இருக்கிற இரண்டு கையே அவருக்குப் போதவில்லை!"

ராஜா முழங்காலைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வேம்பையனுக்கு முத்துமாலை. பூவாத்தாளுக்கு மடி நிறையப் பிரண்டை. பண்டிதருக்கும் ஒன்று உண்டு. இனி அரண்மனைப் பிரண்டை முழுவதையும் அவரே உரிக்க வேண்டும், அதுவும் ஒரு சொட்டு எண்ணெய்கூட...

இதோ வர்றேன் அத்தை, பாப்பாவை என் மடியில போட்டுடாதீங்க, கையெல்லாம் பிரண்டைச் சாறு!