கர்னல் பிடித்த நூறு ஏக்கர்

ஸ்பெயின்காரனை விரட்டிவிட்டுப் பிலிப்பைன்ஸ் தீவுகளை அமெரிக்கா தன் பையில் போட்டுக்கொண்ட சமயம் அது. அங்கே ஒரு மீனவக் குப்பத்துக்குச் சர்க்கரை ஆலை வைக்க வந்தார் கர்னல் ஹாட்லி. கடலை அறியாத சோளக்காட்டு மனிதர். கப்பலிலும் படுத்தபடியே வந்தவர்.

"மரமோ வீடோ இல்லாத நூறு ஏக்கர் சமநிலம் இன்றே வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் குப்பத்தை இடிப்பேன்" என்றார்.

குப்பத்தில் மட்டிச்சிப்பி பொறுக்கும் பசிலியா அவரைக் கரைக்குக் கூட்டிப்போய், கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்த ஈரமணல் வெளியைக் காட்டினாள்.

"யார் நிலம்?"

"சொந்தக்காரர் காலையில் வெளியே போனார், துரை. மூன்று மணிக்கு வந்துவிடுவார். ஒருநாளும் வராமல் இருந்ததில்லை."

"வரட்டும். எங்கள் கொடியைக் காட்டினால் எவனும் வந்த வழியே போய்விடுவான்."

கொடியை நட்டார். நீராவி இயந்திரத்தை இருபது பேரை விட்டுத் தள்ளிவந்து நடுவில் நிறுத்தினார். நாற்காலி போட்டு உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைத்தார்.

மூன்று மணிக்கு இயந்திரத்தின் சக்கரங்கள் தண்ணீருக்குள் இருந்தன. கர்னல் நாற்காலிமேல் ஏறி நின்று, "என்ன இது?" என்று அலறினார்.

பசிலியா படகில் வந்துகொண்டிருந்தாள்.

"சொந்தக்காரர் வந்துவிட்டார், துரை" என்றாள். "கொடியைக் காட்டுங்கள்."