டேப்பட் கவரில் இரண்டு துளை

"இன்னும் எத்தனை நாளைக்குங்க மேஸ்திரி இந்த என்ஜின் கவரையே கழுவிட்டிருக்கறது?" என்று கேட்டான் சென்னியப்பன்.

ரெஜினா தலை நிமிரவில்லை.

"எண்ணெய் சுத்தமாப் போயிருச்சுங்களாண்ணா?"

"நேத்தே போயிருச்சுங்க."

அவள் கவரை வாங்கி அதன்மேல் கேஸ் தீயைக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில், பளபளவென்றிருந்த அலுமினியத்தில் அங்கங்கே கறுப்பாக எண்ணெய் வியர்த்தது.

சூடு ஆறியதும் கவரைத் திரும்ப அவன் கையிலேயே கொடுத்தாள்.

சென்னியப்பனுக்கு நாற்பத்தெட்டு வயது. ரெஜினாவுக்கு முப்பத்தொன்று. கோவை கணபதியில் இருந்த அவளுடைய வெல்டிங் பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் அவன் நாலு தொழில் பழகி, நாலையும் பாதியில் விட்டிருந்தான். உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் எழுந்துவிடுகிற ஆள். "இதையும் உட்டுட்டு வந்தா ஊட்டுக்கு வராதீங்க" என்று அவன் மனைவி சிரிக்காமல் சொல்லியிருந்தாள்.

எட்டு மாதமாக வெறும் அலுமினியத் துண்டுகளைத்தான் ஒட்டிப் பழகியிருந்தான். வாடிக்கையாளர் பொருள் ஒன்று அவன் கைக்கு வந்தது இதுவே முதல் தடவை.

கவர், ஜாஃபர் என்கிற இளைஞனுடைய காருக்கானது. ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதைப் பந்தயத்தில் அந்தக் கார் ஓட வேண்டும். என்ஜின் விடுகிற மூச்சில் எண்ணெய் கலந்து வரும். அது திரும்ப என்ஜினுக்குள் போகாமல் ஒரு டப்பாவில் பிடித்துவைக்க வேண்டும். அந்த டப்பாவுக்குக் குழாய் மாட்ட, என்ஜினின் தலைமேல் மூடியாக இருக்கும் டேப்பட் கவரில் இரண்டு துளை போட்டு, குழாய் செருகும் முனையாக இரண்டு நிப்பிள் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அவ்வளவுதான் வேலை. எண்ணெய்ப் பசை இருந்தால் மட்டும் வெல்டிங் பிடிக்காது.

"கவருக்கு உள்பக்கம் ஒரு தகடு இருக்குது பாருங்க," என்று ரெஜினா காட்டியிருந்தாள். "அதைக் கழட்டிட்டுத்தான் துளை போடோணும். இல்லீனா அலுமினியப் பிசிறு தகட்டுக்குப் பின்னால போய் உக்காந்துக்கும். வண்டி ஓடறப்ப என்ஜினுக்குள்ள எறங்கி அதையே கெடுத்துரும்."

வெள்ளிக்கிழமை காலையில் தீ காட்டியபோது கவர் வியர்க்கவில்லை. ரெஜினா குழாய் வாங்க டவுனுக்குப் புறப்பட்டாள்.

"ஆரம்பிக்கட்டுங்களா?"

"ஆரம்பிங்க."

அரை மணியில் ஜாஃபர் போன் செய்தான். ஆச்சா என்று கேட்டான்.

தகட்டில் ஆறு ஸ்க்ரூ. ஐந்து கழன்று வந்தன. ஆறாவதின் தலை மழுங்கிப் போயிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் வழுக்கியது. இன்னொன்றை எடுத்தான். அதுவும் வழுக்கியது. குடைந்துதான் எடுக்க வேண்டும். ஒரு மணி நேரமாவது பிடிக்கும்.

போன் மறுபடி அடித்தது.

சென்னியப்பன் அந்த ஐந்து ஸ்க்ரூவையும் திரும்ப முடுக்கினான். துளை போட்டான். பிசிறு போகட்டும் என்று காற்றுக் குழாயை உள்ளே விட்டுக் காற்றடித்தான். இன்னொரு முறையும் அடித்தான். வெல்டிங் வைத்தான்.

ரெஜினா திரும்பி வந்தபோது கவர், பட்டறையில் நின்ற காரில் ஏறியிருந்தது. அதற்குள் வந்துவிட்ட ஜாஃபர் பக்கத்தில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

அவள் குழாய்களை மாட்டினாள். வெல்டிங் வரிசைமேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்குதுங்ணா."

தகட்டைப் பற்றிக் கேட்பாள் என்று சென்னியப்பன் காத்திருந்தான். கேட்டால் சொல்வதற்கு ஒரு பொய்யும் தயாராக வைத்திருந்தான்.

அவள் கேட்கவில்லை. ஜாஃபரிடம் சாவியை வாங்கி சென்னியப்பனிடம் நீட்டினாள்.

"கவரைப் பூட்டுனவங்களே ஸ்டார்ட் பண்ணட்டும்."

சென்னியப்பன் உள்ளே உட்கார்ந்தான். ரெண்டு தடவை காற்றடித்தோமே, எல்லாம் போயிருக்கும். போயிருக்கும்தானே? ஒன்றிரண்டு இருந்தால்தான் என்ன? எத்தனை வண்டி அப்படி ஓடவில்லை? சாவியைச் செருகிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"என்னங்ணா, நான் ரேஸ் முடிச்சே வந்துருவேன் போல," என்று ஜாஃபர் சிரித்தான்.

சென்னியப்பன் சாவியைத் திருப்பினான். சிவப்பு விளக்குகள் எரிந்தன. இன்னும் ஒரு திருப்புத் திருப்பினால் என்ஜின் ஓடும்.

விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன.

சென்னியப்பன் சாவியை உருவிக்கொண்டு கீழே இறங்கினான்.

"தகட்டைக் கழட்டலீங்க மேஸ்திரி. ஒரு ஸ்க்ரூ வரல. அப்படியே துளை போட்டுட்டேன்."

ஜாஃபர் முகம் மாறியது. "நாளைக்குக் காலைல வண்டிய லாரியில ஏத்தணும்! விளையாடறீங்களா?" என்று கத்தினான். பானெட்டை ஓங்கி அறைந்தான். வெளியே போனான். திரும்பி வந்து மறுபடி கத்தினான்.

சென்னியப்பன் ஸ்பேனரை எடுத்தான்.

கவர் இறங்கியது. மழுங்கிய ஸ்க்ரூவைக் குடைந்து எடுக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அத்தனை நேரமும் ஜாஃபர் பட்டறைக்குள் நடந்துகொண்டே இருந்தான். சென்னியப்பன் ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை.

தகடு வந்தது. அதன் மூலையில், துடைக்காமல் விட்ட எண்ணெய்ப் பிசுக்கில், நாலு அலுமினியச் சுருள்கள் மினுங்கின.

ஜாஃபர் ஒன்றை விரல்நுனியில் ஒற்றி எடுத்தான். அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, இவரையே ஸ்டார்ட் பண்ணச் சொன்னீங்களே, உள்ள இது இருக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு எங்க தெரிஞ்சுது?" என்றாள் ரெஜினா. "தெரிஞ்சவர் கையில சாவியக் குடுத்தேன்."