கரடி கடந்த ஏரி

மூங்கில்மேட்டு ஏரி வற்றி ஆறு மாதம் ஆகியிருந்தது. மேல் மண் வெயிலில் காய்ந்து பொருக்குத் தட்டிக் கிடந்தது. அடியில் மட்டும் சேறு அப்படியே இருந்தது. எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. இறங்கிப் பார்த்தவர்கள் திரும்பி வந்து சொல்லவில்லை.

அந்த ஏரிக்கரையில் நரி வாத்தியார் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். யானை அரசரின் சபையில் ஆலோசகர் வேலை ஒன்று காலியாக இருந்தது. தேர்வு எழுதி முதலில் வருபவருக்கு வேலை. வேலையோடு, வற்றாத ஊற்றுக்குப் பக்கத்திலேயே வசிக்க இடம். தண்ணீர் இல்லாத கோடையில் இதைவிட வேறென்ன வேண்டும்? முயல், கீரி, உடும்பு, அணில் என்று காட்டில் பாதிப் பேர் வகுப்பில் சேர்ந்துவிட்டார்கள்.

தேர்வில் எல்லாம் பெரிது சிறிது கேள்விகள்தான். "யானை எருமையைவிடக் கனம். எருமை ஆட்டைவிடக் கனம். அப்படியானால் யானைக்கும் ஆட்டுக்கும் என்ன உறவு?" இந்த மாதிரி. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் இருக்கும். முதலாவது கனம், இரண்டாவது கனம், இரண்டும் சமம், சொல்ல முடியாது.

"இதைக் காதில் போட்டுக்கோங்க!" என்பார் நரி வாத்தியார். "நாலாவது விடையைத் தொடாதீங்க! பழைய கேள்வித்தாளை எல்லாம் பார்த்துட்டேன். நூத்துக்கு ரெண்டு கேள்விக்குத்தான் அது சரி. தப்பா எழுதினா மார்க் குறைக்க மாட்டாங்க. அப்புறம் எதுக்கு யோசிக்கிறது? அடிச்சு விடுங்க!"

வகுப்பில் செங்காதன் என்ற முயல்தான் முதல். வாத்தியார் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். சரியோ தவறோ, தயங்கிச் சொன்னதே கிடையாது. அந்த வேகத்தைப் பார்த்தே எல்லாரும் அதை அறிவாளி என்று முடிவு கட்டிவிட்டார்கள். செங்காதனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டது.

ஒருநாள் காலை, பதினாலு கடமான்கள் ஏரிக்கரைக்கு வந்தன. எல்லாம் எலும்பும் தோலுமாக இருந்தன. முன்னால் வந்தது கொன்றை. அதுதான் கூட்டத்துக்குத் தலைவி. பின்னால் நான்கு குட்டிகள் தாயின் மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு வெறும் வாயோடு நடந்து வந்தன.

இந்தக் கரையில் புல் தீர்ந்துவிட்டது. அக்கரையில் பச்சை தெரிந்தது. அங்கே போக இரண்டே வழிதான். ஒன்று மலையைச் சுற்றிப் போவது. மூன்று நாள் நடை. கணவாயில் செந்நாய்கள் காத்திருக்கும். ஒன்றிரண்டு உயிர் போகும் என்பது நிச்சயம். மற்றொன்று ஏரியின் குறுக்கே நடப்பது. அரை நாழிகைகூட ஆகாது. ஆனால் போன வாரம் குறுக்கே போன காட்டெருமையின் கொம்புகள் மட்டும் இன்னும் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

"முயலே, நீ பெரிய கணக்குப் புலின்னு சொல்றாங்க. இந்தப் பொருக்கு எங்களைத் தாங்குமா?" என்று கேட்டது கொன்றை.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. செங்காதனின் காதுகள் இரண்டும் நிமிர்ந்தன.

"முதல்ல தகவலைச் சொல்லுங்க அக்கா! இதுவரைக்கும் யார் யார் போனாங்க?"

"காட்டெருமை போச்சு, புதைஞ்சுது. நேத்து கரடி போச்சு. பத்திரமா அக்கரை போயிட்டு, இன்னிக்குக் காலையில அதே வழியாத் திரும்பியும் வந்துடுச்சு."

"அவ்வளவுதானே! கேளுங்க!" செங்காதன் ஒரு கல்லின்மேல் ஏறி நின்றது. "காட்டெருமையைவிடக் கரடி லேசு. சரியா?"

"சரி."

"காட்டெருமையைவிடக் கடமானும் லேசு. சரியா?"

"சரி."

"லேசான கரடியைப் பொருக்கு தாங்கிச்சு. நீங்களும் லேசு. அப்ப உங்களையும் தாங்கும்! முடிஞ்சுது கணக்கு!"

கீரியும் அணிலும் கை தட்டின. கொன்றை கை தட்டவில்லை. பதினாலு உயிருக்குப் பொறுப்பானவள் அவ்வளவு சீக்கிரம் தலையாட்டிவிட மாட்டாள்.

"இரு, தம்பி. நாங்க காட்டெருமையைவிட லேசுங்கிறது சரி. ஆனா கரடியைவிட நாங்க கனமா இருந்தா?"

 கேள்வி நியாயமானது என்று செங்காதனுக்கு உடனே புரிந்துவிட்டது. கரடிக்கும் கடமானுக்கும் நேராக ஒரு தகவலும் கையில் இல்லை. இரண்டும் காட்டெருமைக்குக் கீழே என்பது மட்டும்தான் தெரியும். கீழே இருக்கும் இரண்டில் எது மேல், எது கீழ்? நாலாவது விடைதான் சரி. சொல்ல முடியாது.

அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. வாத்தியார் வேறு வாலை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தார். எல்லார் முன்னாலும் தெரியாது என்று சொல்வதா?

"லேசுதான் அக்கா! கரடி எவ்வளவு பெரிசு, பாருங்க! உங்களை மாதிரி ரெண்டு மடங்கு!"

பக்கத்துப் புற்றைத் தோண்டிக்கொண்டிருந்த கரடி தலையைத் தூக்கியது.

"தம்பி, நான் பார்க்கத்தான் பெரிசு. பாதி முடி! மழையில நனைஞ்சா எனக்கே என்னை அடையாளம் தெரியாது. அதோட என் பாதம் அகலம். இவங்க குளம்பைப் பாரு, ஊசி மாதிரி இருக்கு. எதுக்கு வம்பு? அதோ அந்த மரத்துல ஏறிப் பார்த்துடலாமே!"

பாறையின்மேல் குறுக்காக விழுந்து கிடந்த மரம் அது. ஒரு முனையில் ஒருவரும் மறுமுனையில் ஒருவரும் நின்றால் கனமான பக்கம் இறங்கிவிடும். காட்டில் எடைச் சண்டை வந்தால் அந்த மரத்தில்தான் தீர்த்துக்கொள்வார்கள். கொன்றையும் கரடியும் ஏறி நின்று பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? கண்ணை நாலு தடவை சிமிட்டும் நேரம்.

ஆனால் கடமான்கள் மூக்கைச் சுளித்தன. கறையான் தின்பவரோடு ஒரே மரத்தில் ஏறுவதில்லை என்பது அவர்கள் குலத்து வழக்கம். கரடி குடித்த துறையில்கூட அவர்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள்.

"தலைவி அதுகூடப் போய் நிக்கிறதா? ஐயே!" என்றது ஒரு கிழட்டுக் கடமான். "நாளைக்கு மத்தக் கூட்டம் என்ன பேசும்?"

கொன்றை கரடியைப் பார்த்தது. மரத்தைப் பார்த்தது. பிறகு முயலைப் பார்த்தது.

"மரத்துல ஏறித்தான் ஆகணுமா, முயலே?"

அப்போதாவது அந்த முயல் உண்மையைச் சொல்லியிருக்கலாம். 

"கணக்குப் போட்டாச்சு. அப்புறம் எதுக்கு மரம்?" என்றது செங்காதன். "சந்தேகமா இருந்தா நானே முன்னால போறேன், வாங்க!"

நரி வாத்தியார் பெருமையோடு தலையசைத்தார். முயல் துள்ளிக் குதித்துப் பொருக்கில் ஓடியது. அதன் எடைக்குப் பொருக்கில் ஒரு கீறல்கூட விழவில்லை. தன் கணக்கு தப்பினாலும் தனக்கு ஒன்றும் ஆகாது என்பதை அது யோசித்துப் பார்த்ததோ என்னவோ. கடமான்கள் வரிசையாகப் பின்னால் இறங்கின. குட்டிகள் நடுவில் நடந்தன.

பாதி தூரம் வரை ஒன்றும் ஆகவில்லை.

பிறகு கொன்றையின் காலடியில் சடசடவென்று சத்தம் கேட்டது. முன்னங்கால் இரண்டும் உள்ளே போயின. "திரும்புங்க!" என்று கத்தியது. பின்னால் வந்தவை பதறித் திரும்பின. திரும்பும்போது ஒன்றின்மேல் ஒன்று மோதின. மொத்த எடையும் ஒரே இடத்தில் விழுந்தது. பொருக்கு பாளம் பாளமாக உடைந்தது. வரிசையின் கடைசியில் வந்த ஐந்து மட்டும் எப்படியோ கரைக்கு ஓடித் தப்பின. ஒன்பது சேற்றில் நின்றன. அந்த ஒன்பதில் நான்கு குட்டிகளும் அடக்கம்.

கரடி ஒரு கொடியைப் பிடுங்கிக்கொண்டு, பொருக்கு தாங்கிய இடம் வரை ஓடி வந்து வீசியது. எட்டவில்லை. இன்னும் நீளமான கொடியைத் தேடி ஓடியது. அது வருவதற்குள் குட்டிகளின் சத்தம் நின்றுவிட்டது.

சேறு கொன்றையின் கழுத்துவரை வந்தது. செங்காதன் மட்டும் அதன் முகத்துக்கு நேரே, உடையாத பொருக்கின்மேல் நின்றது. அங்கே நிற்கும் அளவுக்கு லேசானது அது ஒன்றுதான்.

"முயலே," என்றது கொன்றை. குரலில் கோபம்கூட இல்லை. "கரடி கனமா, நாங்க கனமா? உனக்கு நிஜமாவே தெரிஞ்சிருந்துதா?"

"தெரியாது, அக்கா."

"இதை மட்டும் கரையிலேயே சொல்லியிருந்தா, நான் குல வழக்கத்தைப் பார்க்காம மரத்துல ஏறியிருப்பேனே!"

   கொன்றை கண்ணை மூடிக்கொண்டது. உச்சி வெயில் ஏறுவதற்குள் ஏரி அமைதியாகிவிட்டது.

மிச்சமிருந்த ஐந்து கடமான்களும் மலைவழியே புறப்பட்டன. கணவாயில் செந்நாய்கள் ஒன்றைப் பிடித்துக்கொண்டன. நான்கு அக்கரை போய்ச் சேர்ந்தன. பதினாலும் அந்த வழியே போயிருந்தால் பன்னிரண்டு உயிராவது பிழைத்திருக்கும் என்று கரடி போவோர் வருவோரிடம் எல்லாம் சொல்லிப் புலம்பியது.

நரி வாத்தியார் மறுநாள் வகுப்புக்கு விடுமுறை விட்டார். சேற்றோரத்தில் அவருக்குச் சாப்பாட்டு வேலை நிறைய இருந்தது.

செங்காதன் தேர்வுக்குப் போகவில்லை. அந்த வேலை யாருக்குக் கிடைத்தது என்று விசாரிக்கவும் இல்லை.

குழந்தைகளே, பெரியவர்களே! தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவனின் அறிவு, அவனை விட்டுவிட்டு அவனை நம்பியவர்களைத்தான் முதலில் கொல்லும்.