அரசருக்கு வால் முளைத்ததாம்!

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில், சுட்டெரிக்கும் வெயிலில் நின்றுகொண்டு எல்லாரும் காய்ந்த தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்கிறீர்களா? மழை பெய்ததாம் என்று தண்டோரா போட்டிருந்தார்களே! "தண்டோராவில் வருவதெல்லாம் மெய். சந்தேகப்படுபவன் நாட்டைவிட்டு ஓடவேண்டும்" என்பது அரசர் மகுடவர்மரின் புதுச் சட்டம். தண்டோராவுக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவர் மந்திரி நல்லபெருமாள்.

அரண்மனைப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவர் விகடர் தாண்டவமூர்த்தி. "பேச்சு 'ஆம்'னு முடிஞ்சா, யாரு பார்த்ததுன்னு கேளுங்க. கேட்கக்கூடாதுன்னு சட்டத்துல இல்லையே!" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து தண்டோராக்காரனால் தெருவில் தலைகாட்ட முடியவில்லை.

மந்திரிக்கு வயிறு எரிந்தது. "விகடர் அரசரைக் குரங்கு என்றாராம்!" என்று தண்டோரா போட வைத்தார்.

அரசர் கொதித்துப் போனார். "பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டு வெளியேறும்!"

தாண்டவமூர்த்தி யோசித்தார். பிறந்த மண்ணை விட்டு இந்த வயதில் எங்கே போவது? இருந்தாலும் கைகட்டி நின்று, "உத்தரவு மகாராஜா. போகுமுன் ஒரே ஒரு தண்டோரா போட அனுமதி வேண்டும்" என்றார். போடட்டும், போய்த் தொலையட்டும் என்று அரசரும் தலையாட்டினார்.

சற்று நேரத்தில் அரண்மனை வாசலில் டமடமவென்று சத்தம். "இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் அரசருக்கு வால் முளைத்ததாம்!"

அரசரின் கை தன்னாலே பின்பக்கம் போயிற்று. நன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, "மந்திரி! எனக்கு வால் இருக்கிறதா?" என்று அலறினார்.

ஐயோ பாவம் மந்திரி! இல்லை என்றால் சட்டப்படி நாடுகடத்தல். உண்டு என்றால் தலையே போய்விடும்.

"மகாராஜா," என்றார் விகடர், "வால் என்றதும் தாங்களே தடவிப் பார்த்துக்கொண்டீர்கள். நான் தங்களைக் குரங்கு என்றதாகத் தண்டோரா சொன்னபோது மட்டும் ஏன் ஒருவரையும் விசாரிக்கவில்லை?"

அரசர் முறைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டம் அப்போதே ஒழிந்தது. மந்திரியைப் பிள்ளைகளோடு பிள்ளையாகப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்.

மறுநாள் தண்டோரா வந்தது. "விகடருக்கு அரசர் முத்துமாலை பரிசளித்தாராம்!"

"யாரு பார்த்தது?" என்று பள்ளிக்கூடமே கூவியது. மந்திரியின் குரல்தான் எல்லாரையும்விட உரக்கக் கேட்டது. கொடுக்க மறந்தே போயிருந்த அரசர், சிரித்துக்கொண்டே மாலையோடு ஓடி வந்து, எல்லாரும் பார்க்க விகடர் கழுத்தில் போட்டார்.