நடுத்திட்டு அரளி

சாலையோரங்களுக்குப் பசுமை வடிவமைப்பதில் பேர்பெற்றவள் மேகலை. வயது முப்பத்தாறு. அவளிடம் தொழில் கற்க வந்த தேவசகாயத்துக்கு ஐம்பத்தொன்பது. பாதி மாவட்டத்துக்குத் தார் போட்டு ஓய்வு பெற்ற பொறியாளர். குரு சீடரை ‘சார்’ என்பாள். சீடர் குருவை ‘மேடம்’ என்பார். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

கீழமடையை நடுவில் பிளந்துகொண்டு நான்குவழிச் சாலை வந்திருந்தது. ஊரைக் கேட்டா பிளந்தார்கள்? மேற்கே வீடுகள், கிழக்கே வயல்கள். திங்கட்கிழமை திறப்பு. சாலையின் நடுத்திட்டில் ஆளுயர அரளிகளைக் கொண்டுவந்து நட்டிருந்தார் தேவசகாயம். ஊருக்கு நேரே மட்டும் குழிகள் காலியாக இருந்தன.

அவர் வரைபடத்தை விரித்தார்.

“இந்த இடத்துல பயணிகளுக்கு எதைக் காட்டலாம் மேடம்? ஊர்ப் பக்கம் பார்த்தா குப்பைமேடும் மாட்டுக்கொட்டகையும்தான். அரளியையே தொடர்ந்து வச்சிட்டா எல்லாம் மறைஞ்சிடும். பூவும் தெரியும்.”

மேகலை திரும்பிப் பார்த்தாள். வயல் பக்கமிருந்து புல்லுக்கட்டோடு ஊர்க்காரி இருளாயி ஏறி வந்துகொண்டிருந்தாள்.

“தினமும் இந்த வழிதானா இருளாயிம்மா?”

“ஞாயித்துக்கெழமைன்னு மாடு பட்டினி கெடக்குமா தாயி? ஒரு நாளைக்கு ரெண்டு நடை.”

“அண்டர்பாஸ் கட்டியிருக்கோமே,” என்றார் தேவசகாயம். “ஒன்றரை கிலோமீட்டர்தான்.”

“அப்ப நீங்க தூக்கிட்டு வாங்க சார். நான் கைய வீசிட்டு வாரேன்.”

மேகலை சிரித்தாள். “தூக்குங்க சார். அவ்வளவு தூரம் வேண்டாம். நீங்க நட்ட அரளிக்குள்ள புகுந்து ரோட்டைக் கடந்தாப் போதும்.” சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தாள்.

இருளாயி அவர் தலையில் சும்மாட்டை வைத்துப் புல்லுக்கட்டை ஏற்றிவிட்டாள். “கழுத்தத் திருப்பிராதீங்க. சரிஞ்சிரும்.”

தேவசகாயம் பாதிச் சாலையைக் கடந்தார். கிளைகளைத் தோளால் விலக்கி, அந்தப் பக்கம் இரண்டடி வைத்தார். ஹாரன் அலறியது.

“யோவ், நில்லுய்யா!” இருளாயிக்கு மரியாதை மறந்துபோயிற்று.

நாலு முழம் தள்ளி ஜீப் நின்றிருந்தது. கட்டு தாரில் விழுந்து சிதறிக் கிடந்தது.

“நடக்கிற வேகத்துலதான் ஓட்டிட்டு வந்தேன்,” என்றாள் மேகலை. “நீங்க வருவீங்கன்னு தெரிஞ்சே வந்தேன். அப்படியும் இப்பத்தான் தெரிஞ்சீங்க.”

இருளாயி புல்லை அள்ளினாள். “திங்கக்கெழமையிலருந்து வர்ற வண்டி இப்பிடி நிக்காது தாயி.”

தேவசகாயமும் குனிந்து அள்ளினார். ஆனாலும் பொறியாளர் அல்லவா, விடவில்லை.

“நடுவுல செடி இல்லேன்னா எதிர்வண்டி வெளிச்சம் கண்ணுல அடிக்கும் மேடம்.”

“முழங்கால் உயரச் செடியா வையுங்க. கண் கூசினா மெதுவாப் போவான்.”

அவர் வரைபடத்தை மறுபடி விரித்தார். காலிக் குழிகளின் மேல் பென்சில் வெகுநேரம் நின்றது.

“அப்போ பயணிகளுக்கு இங்க எதைத்தான் காட்டுறது?”

“இருளாயிம்மாவைக் காட்டுங்க சார். பிரேக் பிடிக்க நேரம் இருக்கும்போதே.”