கரடி விட்ட கீச்சு

ஒரு காட்டில், பிள்ளைகளே, மரத்தைவிட மூங்கில்தான் அதிகம். மூங்கில் அதிகமானால் என்ன ஆகும்? குழல் அதிகமாகும். அங்கே முயல் முதல் யானை வரை எல்லோருக்கும் குழல் பைத்தியம். பக்கவாட்டில் பிடிக்கிற குழல் இல்லை. நாகசுரம் மாதிரி நேராகப் பிடித்து, நுனியில் வாய் வைத்து ஊதுகிற குழல். முயலின் குழல் முருங்கைக்காய் பருமன். கரடியின் குழல் உலக்கை பருமன்.

வருஷா வருஷம் மழை விட்டதும் மூன்று நாள் குழல் விழா நடக்கும். காலையில் வகுப்பு, மத்தியானம் சொற்பொழிவு, சாயங்காலம் கச்சேரி. நடத்துவது முள்ளம்பன்றி. அதற்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். விரித்த பாய் கொஞ்சம் கோணலாகக் கிடந்தாலும் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு வந்து நிற்கும்.

அந்த விழாவில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாள், பெரிய வித்வான்கள் கச்சேரி தொடங்கும் முன்னால், புதிதாகக் கற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு பாட்டு வாசிப்பார்கள்.

அந்த ஒரு பாட்டுக்காகத்தான் கரடி வந்தது. பாவம், அது குகையில் ஒண்டியாக ஊதி ஊதி அலுத்துப்போயிருந்தது. நாலு பேரோடு சேர்ந்து ஒரு பாட்டாவது வாசித்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

முதல் நாள் வகுப்புக்குள் முள்ளம்பன்றி நுழைந்தது.

"போன வருஷம் புதுசா வந்தவங்க கீச்சு கீச்சுன்னு வாசிச்சு, பக்கத்து மலை விருந்தாளிங்க முன்னால என் மானத்தை வாங்கிட்டாங்க. இந்த வருஷம் ஒரே ஒரு கீச்சு காதுல விழுந்தாலும் சரி, அடுத்த வருஷம் புது ஆளுங்களுக்கு வகுப்பே கிடையாது. சொல்லிட்டேன்!"

சொல்லிவிட்டுப் போயேபோய்விட்டது. வகுப்பில் இருந்த பன்னிரண்டு பேரும் குழலைக் கீழே வைத்துவிட்டார்கள்.

வகுப்பு எடுப்பது தேவாங்கு. அது எதையும் நிதானமாகத்தான் செய்யும். "அவரு அப்படித்தான் கத்துவாரு. நீங்க எடுங்க குழலை," என்றது.

மத்தியானம் நாரையின் சொற்பொழிவு. தலைப்பு: மூச்சு. ஒற்றைக் காலில் நின்றபடி இரண்டு மணி நேரம் பேசியது.

"குழலில் பலமாக ஊதினால் சத்தம் பெருகாது, கீச்சிடும். சூடான கஞ்சியை ஆற்றுவதுபோல ஊத வேண்டும்," என்றது.

சபை முழுக்கக் குறட்டை. கரடி மட்டும் கண் கொட்டாமல் கேட்டது. கேட்டு என்ன செய்ய? கரடி ஆற்றினால் கஞ்சி சட்டியோடு பறக்குமே!

இரண்டாம் நாள் வகுப்பில் கரடி ஏழு தடவை கீச்சிட்டது. வகுப்பு முடிந்ததும் முயலும் குரங்கும் மெல்ல அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன.

"கரடி அண்ணே, கோவிச்சுக்கக் கூடாது," என்றது முயல்.

"சொல்லும்மா."

"நாளைக்குக் குழலை வாயில வச்சுக்கிட்டு விரலை மட்டும் ஆட்டுங்க. ஊத வேணாம்."

"ஊதலேன்னா நான் எதுக்கு அங்க?"

"நீங்க நடுவுல உட்கார்ந்தா மேடை நிறைஞ்சு இருக்கும்ல!" என்றது குரங்கு.

கரடி குழலையே தடவிக்கொண்டிருந்தது. பிறகு, "என்னால வகுப்பு நின்னுடக் கூடாது. சரி, ஊதல," என்றது.

மூன்றாம் நாள் சாயங்காலம். ஓடைக்கரையில் கூட்டம் நெரிந்தது. முன்வரிசையில் கிழட்டுக் காட்டெருமை. பன்னிரண்டு பேரும் மேடையில் வரிசையாக உட்கார்ந்து குழலை வாயில் வைத்தார்கள். தேவாங்கு கையை உயர்த்தி, "ம்" என்றது.

பன்னிரண்டு குழலிலும் விரல்கள் ஓடின. என்ன அழகாக ஓடின! ஆனால் சத்தம்?

பொட்டுச் சத்தம் இல்லை. ஓடைத் தண்ணீர்தான் சலசலத்தது.

காட்டெருமை பதறிப்போய்க் காதை உதறியது. "ஐயோ, என் காது போச்சே!"

"உங்க காது நல்லாத்தான் இருக்கு தாத்தா. எனக்கும் ஒண்ணும் கேக்கல," என்றது பக்கத்தில் இருந்த மான்.

மேடையில் குரங்கு பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏய் முயலு, ஏன் ஊதல?" என்று கிசுகிசுத்தது.

"எனக்கு நாலாவது துளை சரியா மூடாது. நீங்க ஊதுவீங்கன்னு விட்டுட்டேன். நீங்க ஏன் ஊதல?"

"நீ ஊதுவேன்னுதான்!"

அந்தப் பக்கம் கீரி அணிலைப் பார்த்தது, அணில் ஆமையைப் பார்த்தது. கரடிக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஊதக் கூடாது என்று அதனிடம்தான் சொன்னார்கள். மற்றவர்களோ யாரும் சொல்லாமலேயே ஊதாமல் இருந்தார்கள்.

எதிரே தேவாங்கின் கை இன்னும் மேலேயே நின்றது. கரடியால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஊதியது.

"கீ...ச்!"

மூங்கிலில் இருந்த கிளிகள் அத்தனையும் பறந்தன. கூட்டம் கொல்லென்று சிரித்தது. கரடி நிறுத்தவில்லை. இரண்டாவது சுரம் சரியாக விழுந்தது. மூன்றாவது கொஞ்சம் சறுக்கியது. நாலாவது நேராக நின்றது. பாட்டு நொண்டி நொண்டி நடக்க ஆரம்பித்தது.

"கீச்சுதான் வந்தாச்சே, இனிமே எதுக்குப் பயம்?" என்று முயல் ஊதியது. குரங்கு ஊதியது. கீரி, அணில், ஆமை எல்லோரும் ஊதினார்கள். அங்கங்கே ஒரு கீச்சு, அங்கங்கே ஒரு சறுக்கல். ஆனாலும் பாட்டு இன்ன பாட்டென்று சபைக்குத் தெரிந்துவிட்டது. தலைகள் ஆடின. தேவாங்கின் கை தாளத்தில் இறங்கியது.

பாட்டு முடிந்தது. முள்ளம்பன்றி மேடையேறி வந்தது. கரடி எழுந்து தலையைக் குனிந்துகொண்டது.

"முதல்ல கீச்சு விட்டது நான்தாங்க. அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. அடுத்த வருஷம் நான் வரவே மாட்டேன். வகுப்பை மட்டும் நிறுத்திடாதீங்க."

முள்ளம்பன்றி முள்ளை மடக்கிக்கொண்டு சொன்னது:

"கீச்சைப் பொறுக்க முடியாதுன்னு நினைச்சேன்யா. முதல்ல ஒண்ணுமே கேக்காம இருந்துச்சே, அதைத்தான் என்னால பொறுக்க முடியல. வகுப்பு நடக்கும். நீ வராம இருந்தா நானே குகைக்கு வந்து இழுத்துட்டு வருவேன்."

கரடிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்படீன்னா ஒரு விஷயம்ங்க. நடுவுல ஒரு அடி விட்டுப்போச்சு. இன்னொரு தடவை வாசிச்சுக்கட்டுமா, எல்லாருமா?"

மேடைக்குக் கீழே பெரிய வித்வான்கள் குழலும் கையுமாகக் காத்து நின்றார்கள். முள்ளம்பன்றி அவர்கள் பக்கம் திரும்பியது.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க ஐயா," என்று சொல்லிவிட்டு, கரடியின் காலடியிலேயே உட்கார்ந்து பாட்டுக் கேட்கத் தொடங்கியது.

நீதி: பிழை வந்துவிடும் என்று ஒவ்வொருவரும் அடங்கிவிட்டால் பாட்டே பிறக்காது, பிழையோடாவது ஒருவர் தொடங்க வேண்டும்.