வெறுங்கல் அரைத்த ஐயாறியார்

மருதங்குடிக் கோயிலில் அம்மன் திருமுகத்துக்கு மஞ்சள் அரைத்துக் கொடுக்கும் தொண்டு செய்துவந்தவர் ஐயாறியார். விடியுமுன் குளித்து, மடைப்பள்ளிக்குப் பின்னால் கிடக்கும் அம்மிமுன் அமர்வார். ஊறிய கிழங்கைத் தட்டி, நீர் தெளித்து, வெண்ணெயாகத் திரளும்வரை அரைப்பார். அம்மனுக்கு அது பூசப்பட்ட பிறகே அவர் வீட்டில் உலை ஏறும். அவருடைய உள்ளங்கைகள் எந்நாளும் மஞ்சளாகவே இருந்தன.

அந்தத் தொண்டைச் சுமங்கலிகள் மட்டுமே செய்யலாம் என்பது ஊர் வழக்கம்.

ஐயாறியாரின் கணவர் காடனார் வேற்படையில் சேவகம் செய்தவர். மன்னர் கடல் கடந்து போருக்குச் சென்றபோது அவரும் கப்பலேறினார். பின்னொரு நாள் படை திரும்பியது. வெற்றி என்று முரசு அறைந்தார்கள். முரசு ஓய்ந்ததும் வீரர்கள் வாழும் தெருவில் அழுகை கேட்டது. சில வீடுகளுக்கு ஆள் வந்தது. சில வீடுகளுக்குச் செய்தி வந்தது. ஐயாறியார் வீட்டுக்கு இரண்டும் வரவில்லை.

உடன் போயிருந்த ஒற்றியூரன் வாசலில் வந்து நின்றார்.

"கரையில எறங்குறப்ப என் பக்கத்துலதான் இருந்தாரு, தாயி. அப்புறம் ஒரே புகை. புகை அடங்கினப்ப ஆளக் காணோம். செத்தவங்களையும் புரட்டிப் பாத்தேன். அதுலயும் இல்ல."

ஐயாறியார் அவருக்கு மோர் கொடுத்தார்.

அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருப்பதும் பிறகு நின்றுபோயிற்று. உப்பிடாத கூழைக் குடித்து முடித்த பின்பும் உப்பில்லை என்பது அவருக்குத் தெரியாது. கணவரைத் திருப்பித் தா என்று அம்மனிடம் கேட்கவும் இல்லை. கேட்பதற்கு உள்ளே ஆளே இல்லாததுபோல் இருந்தது. ஆனாலும் விடியுமுன் கால் கோயிலுக்கு நடந்தது, கை அரைத்தது.

கொழுந்தன் கூத்தன் ஒருநாள் வந்து சொன்னார். "அண்ணி, தர்ப்பையில உருவம் செஞ்சு எரிச்சுடுவோம். காரியம் முடிஞ்சா உங்களுக்கும் நிம்மதி, அண்ணனுக்கும் ஒரு வழி."

"உசுரோட இருந்தா, தம்பி?"

"இருந்தா வராம இருப்பாரா?"

"தெரியல. தெரியாத ஒண்ணுக்கு நெருப்பு வைக்க எனக்குக் கை வராது."

திருவிழா நெருங்கியது. உடன் அரைக்கும் பெண்கள் முணுமுணுத்தார்கள். "தாலி இருக்கு, தாலி கட்டினவன் இருக்கானா தெரியல. இவ அரைச்ச மஞ்சளப் பூசினா அம்மனுக்கே குழப்பமாப் போயிடும்டி" என்று ஒருத்தி சிரித்தாள்.

அவர்களில் மூத்தவரான தில்லையழகி சிரிக்கவில்லை. அருகில் வந்து குனிந்தார். "ஐயாறி, ஒரு வார்த்தை சொல்லிடு. இருக்காருன்னு சொல்லு, நான் இவளுங்க வாய அடைக்கிறேன். சொல்ல முடியலன்னா எழுந்திரு."

ஒரு சொல்தான். சொல்லியிருந்தால் தொண்டு நிலைத்திருக்கும்.

"அம்மன் வாசல்ல எப்படிக்கா பொய் சொல்றது? எனக்குத் தெரியல."

அம்மியைக் கழுவித் துடைத்துவிட்டு ஐயாறியார் எழுந்து போனார்.

மறுநாள் விடியுமுன் உடம்பு தானே விழித்தது. குளித்து, தம் வீட்டு அம்மிமுன் அமர்ந்தார். வீட்டில் மஞ்சள் இல்லை. இல்லை என்பதை அவர் கவனிக்கவும் இல்லை. நீர் தெளித்துக் குழவியை உருட்டினார். கல்லோடு கல் உரசிச் சாம்பல் நிறத்தில் சிறிது விழுது கசிந்தது. அதை இலையில் வழித்து, கோயில் இருக்கும் திசையில் வைத்து, பிறகே உலை ஏற்றினார். அதன்பின் ஒவ்வொரு நாளும் அப்படியே. உள்ளங்கை மஞ்சள் மெல்ல மறைந்தது. அந்த உரசல் ஓசையைக் கேட்டுத் தெருவார் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள்.

திருவிழாவன்று காலை குருக்கள் சந்நிதியைத் திறந்தார். முதல்நாள் பூசிய மஞ்சள் காய்ந்து உதிர்ந்து அம்மன் பாதத்தில் கிடந்தது. திருமுகத்தில் நெற்றிமுதல் முகவாய்வரை வேறேதோ பூசியிருந்தது. சாம்பல் நிறம், ஈரம் காயவில்லை. குருக்கள் தொட்டு முகர்ந்தார். மணம் இல்லை. யாருக்கும் விளங்கவில்லை.

தில்லையழகி மட்டும் நெடுநேரம் பார்த்தார். நாள்தோறும் ஐயாறியார் வாசலைக் கடந்து கோயிலுக்கு வருபவர் அவர். "இது கல்லு அரைச்ச விழுது" என்றார்.

அவர் வீடு தேடிப் போனபோது ஐயாறியார் தம் அம்மிமுன் வெறுமனே அமர்ந்திருந்தார். பக்கத்தில் இலை துடைத்ததுபோல் வெறுமையாகக் கிடந்தது. தில்லையழகி எதிரில் தரையில் அமர்ந்தார்.

"அம்மன் நீ அரைச்சதத்தான் பூசிக்கிட்டா, ஐயாறி. வா, கோயில் அம்மி காத்துக் கெடக்கு."

"எனக்கு இன்னும் தெரியலையேக்கா."

"தெரிய வேணாம்டி. அவ கேக்கலையே."

ஐயாறியார் சென்று அம்மன் முகத்தைக் கண்டார். அப்போதும் அழவில்லை. மஞ்சள் அரைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கூழை வாயில் வைத்தார். உப்பில்லை என்று தெரிந்தது. எழுந்துபோய் உப்பை எடுத்து வந்தார்.

காடனார் வரவில்லை. செய்தியும் வரவில்லை. கடைசிவரை அந்தத் தொண்டு ஐயாறியாரை விட்டுப் போகவில்லை.

அறியாததை அறியேன் என்று சொல்லி, மஞ்சளற்ற நாளில் கல்லையே அரைத்துப் படைத்த அந்தக் கைகளுக்கு நம் வணக்கம் உரியது.